14 அடி அகல வீடு: படுக்கை அறைக்குள் நடந்துதான் சமையலறைக்குப் போக வேண்டும், என்ன செய்யலாம்?

குடந்தைவாசி:
கும்பகோணத்தில் தாத்தா காலத்து வீடு, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர். அகலம் வெளியே 14 அடி, உள்ளளவு 12½ அடிதான், நீளம் மட்டும் கிட்டத்தட்ட 75 அடி போகும். தெருவிலிருந்து வரிசையாகத் திண்ணை, ரேழி (திண்ணைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள நடை), கூடம், முற்றம், நடு அறை, சமையலறை, கொல்லை. எல்லா வாசலும் ஒரே நேர்கோட்டில், சுவரின் நடுவில். நடு அறையில்தான் அம்மா படுக்கிறார், சமையலறைக்குப் போகிற ஒவ்வொருவரும் அவர் கட்டிலை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். கட்டிலை மூலையில் தள்ளினால் பீரோவுக்கு இடமில்லை, பீரோவை வைத்தால் கதவு திறக்காது. கழிப்பறை கொல்லைக் கோடியில், அம்மாவுக்கு மூட்டுவலி, ராத்திரியில் அவ்வளவு தூரம் நடந்து படி இறங்க முடியவில்லை.

முற்றத்தை எப்போதோ ஆஸ்பெஸ்டாஸ் போட்டு மூடிவிட்டார்கள், நடுவில் ஒரே ஒரு ஃபைபர் ஷீட், அதுவும் பாசி பிடித்துக் கறுத்துவிட்டது. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. வந்து பார்த்த ஒப்பந்தக்காரர் "கூடத்துக்கும் நடு அறைக்கும் இருக்கிற குறுக்குச் சுவர்களை எடுத்துவிட்டு ஒரே ஹாலாக்கிவிடலாம் சார், பின்னால் புதுசாக ஒரு ரூம் கட்டலாம்" என்கிறார். மேலே மெட்ராஸ் டெரஸ். எடுக்கலாமா? வேறு வழி உண்டா?

சுண்ணாம்புக்காரை:
முதலில் அந்தச் சுவர் மேல் யாரையும் கை வைக்க விடாதீர்கள். மெட்ராஸ் டெரஸ் என்றால் மரக்கட்டைகள் மேல் சின்னச் செங்கலைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்கு மேல் ஜல்லிக்காரை, அதற்கு மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. இத்தனை கனத்தையும் மரம் எங்கே கொண்டுபோய் இறக்குகிறது என்பதுதான் கேள்வி. அண்ணாந்து பாருங்கள். கட்டைகள் இந்தப் பொதுச் சுவரிலிருந்து அந்தப் பொதுச் சுவருக்குப் போனால் குறுக்குச் சுவருக்கு மேல்பாரம் பெரிதாக இருக்காது. தெருவிலிருந்து கொல்லைப் பக்கமாக ஓடினால் அவற்றின் நுனி உட்கார்ந்திருப்பதே அந்தக் குறுக்குச் சுவரில்தான், எடுத்தால் தளம் கையோடு வரும். 12 அடிக்குப் பெரும்பாலும் குறுக்கே ஒரு பெரிய உத்திரம் போட்டு அதன் மேல் கட்டைகளை அடுக்கியிருப்பார்கள், அப்படியானால் உத்திரத்தின் இரண்டு நுனியும் பொதுச் சுவருக்குள் இருக்கும். அந்த நுனிகளை ஆணியால் குத்திப் பாருங்கள், ஈரத்தில் முதலில் இற்றுப்போவது அங்கேதான். பாரம் இல்லாத சுவராக இருந்தாலும், நீளமான இரண்டு பொதுச் சுவர்களையும் சாயாமல் பிடித்து நிறுத்துவது குறுக்குச் சுவர்தான், அந்தப் பொதுச் சுவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் சுவரும் கூட.

சரி, உங்கள் பிரச்சினை சுவரே இல்லை, வாசல் இருக்கிற இடம். வாசல் சுவரின் நடுவில் இருப்பதால் நடக்கிற பாதை அறையை இரண்டாகக் கிழிக்கிறது. நடு அறையின் இரண்டு வாசலையும் ஒரு பக்கமாக நகர்த்துங்கள், இடதோ வலதோ, ஆனால் இரண்டும் ஒரே பக்கம். மூலையை ஒட்டியே உடைக்காமல் முக்கால் அடிச் சுவராவது விட்டுவிட்டு, அப்புறம் 2½ அடி வாசல். ஆக 3¼ அடி நடை. உங்களுக்கு 9 அடி அகல முழு அறை மிச்சம். கட்டில், பீரோ, நாற்காலி எல்லாம் போடலாம்.

பழைய வாசல் நிலை (மரச்சட்டம்) தேக்காக இருந்தால் அதையே கழற்றிப் புது இடத்தில் வைக்கலாம். லிண்டல், அதாவது வாசலுக்கு மேலே பாரம் தாங்குகிற குறுக்குக்கட்டை, இரண்டு பக்கமும் அரை அடியாவது சுவரில் உட்கார வேண்டும். உடைப்பதற்கு முன் மேலே முட்டுக் கொடுங்கள், பிரேக்கர் மிஷின் வேண்டாம், உளியும் சுத்தியலும்தான். மிஷின் அதிர்வில் நூறு வருஷச் சுண்ணாம்பு மணலாகக் கொட்டும். பழைய வாசலை அடைக்கும்போது புதுக் கட்டுமானத்தை இரண்டு பக்கமும் பழைய சுவருக்குள் பல்லுப் பல்லாகக் கோத்துக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த நிலை அளவுக்கே கோடு விட்டு வெடிக்கும்.

திண்ணைப்பேச்சு:
நேர்வாசலை மாற்றச் சொல்கிறீர்களே, தெருவில் நின்றால் கொல்லை தெரிய வேண்டும் என்று வைத்தது சாஸ்திரத்துக்காக மட்டுமில்லை, காற்றுக்காக. இரண்டு பக்கமும் ஜன்னலே வைக்க முடியாத வீட்டில் காற்றுக்கு இருப்பது அந்த ஒரே வழி. அதை அடைத்தால் அம்மாவுக்கு மூச்சு முட்டும்.

சுண்ணாம்புக்காரை:
நியாயமான பேச்சு. அதனால்தான் நடைக்கும் அறைக்கும் நடுவே செங்கல் சுவர் வேண்டாம் என்பேன். அரைக்கல் சுவர் வைத்தாலும் பூச்சோடு சேர்த்து அரை அடி போய்விடும். அலுமினியச் சட்டத்தில் 7 அடி உயரத்துக்குத் தடுப்பு, அதற்கு மேல் தளம் வரை வெறும் வலை. பழைய வீட்டின் உயரத்துக்கு மேலே 3 அடியாவது திறந்திருக்கும், காற்றும் வெளிச்சமும் அங்கே போய்விடும். பிளைவுட் வேண்டாம், இந்த வீடுகளில் கரையான் அதைத் தேடிக்கொண்டு வரும். கதவு இழுப்புக் கதவாக மேலே தண்டவாளம் போட்டுத் தொங்கவிடுங்கள், கீழே பள்ளம் இருந்தால் அம்மாவுக்குக் கால் தடுக்கும்.

மன்னார்குடி மருமகள்:
கழிப்பறை பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் மாமனார் வீடும் இதே மாதிரிதான், நாங்கள் முற்றத்தின் ஒரு ஓரத்தில் கட்டினோம். முற்றம் தாழ்வாரத்தைவிட ஒரு அடி தாழ்ந்துதானே இருக்கும், அந்தப் பள்ளத்திலேயே குழாயும் டிராப்பும் (நாற்றம் திரும்பி வராமல் தண்ணீர் தேங்கி நிற்கிற வளைவு) உட்கார்ந்துவிடும். மேலே நிரப்பித் தளத்தைத் தாழ்வாரத்துக்குச் சமமாகக் கொண்டுவந்துவிட்டால் படியே இல்லை, தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசலில் அரை அங்குலச் சரிவு போதும். 4 அடிக்கு 7½ அடி இருந்தால் குளிக்கவும் மற்றதற்கும் சேர்த்துத் தாராளம். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். பெரியவர்கள் உள்ளே விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கிற கதவை ஆளே அடைத்துக்கொள்வார், யாராலும் தள்ள முடியாது. வெஸ்டர்ன் கோப்பைக்குப் பக்கத்துச் சுவரில் கைப்பிடி, அதைப் பூச்சு பூசுவதற்கு முன்பே யோசித்து, திருகாணி பிடிக்கிற மாதிரி அந்த இடத்தில் காங்கிரீட் வைக்கச் சொல்லுங்கள்.

மூடின முற்றத்தைத் திறந்தே விடுங்கள் என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் கம்பியும் கொசுவலையும் மட்டும்தான், ஐப்பசி கார்த்திகை மழையில் தாழ்வாரம் நனையும், துடைத்துக்கொள்கிறோம்.

திண்ணைப்பேச்சு:
மூட்டுவலிக்காரர் நடமாடும் தாழ்வாரத்தில் ஈரமா? துடைக்கும் வரை அவர் எழுந்திருக்காமல் இருப்பாரா?

குடந்தைவாசி:
எல்லோருக்கும் நன்றி. இன்று ஏணி போட்டுப் பார்த்தேன், குறுக்கே உத்திரம் இருக்கிறது, கட்டைகள் தெருவிலிருந்து கொல்லைப் பக்கமாக. உத்திரத்தின் நுனி ஒரு பக்கம் சுவரோடு கறுத்திருக்கிறது, ஆணி கால் அங்குலம் போனது. முற்றம் 9 அடிக்கு 8 அடிதான், அதில் கழிப்பறை போய்விட்டால் வெளிச்சம் பாதியாகிவிடாதா? செப்டிக் டேங்க் கொல்லையில், முற்றத்திலிருந்து 30 அடி.

சுண்ணாம்புக்காரை:
கால் அங்குலம் மேல்தோலாக இருக்கலாம், ஆனால் அந்த இடத்துக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று மாடியில் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. தட்டோடு பெயர்ந்திருக்கும், அல்லது பக்கத்து வீட்டு மழைக்குழாய் அந்தச் சுவரில் ஒழுகும். கட்டை ஓடுகிற திசையைப் பார்த்தால் குறுக்குச் சுவர்களும் பாரம் தாங்குகின்றன, ஒரே ஹால் யோசனையை அப்படியே விட்டுவிடுங்கள்.

வெளிச்சத்துக்கு வழி இருக்கிறது. கழிப்பறையின் கூரையை 7 அடியிலேயே தட்டையாக முடித்துவிடுங்கள், முற்றத்தின் கூரை 11, 12 அடியில் இருக்கும், நடுவில் உள்ள இடைவெளியில் வெளிச்சம் உள்ளே வந்துவிடும். அந்தத் தட்டைக் கூரைக்கு வெள்ளை அடித்தால் அதுவே வெளிச்சத்தை நடு அறைக்குத் திருப்பும். நாற்றக்குழாயை மட்டும் மாடிக்கு மேலே ஏற்றிவிடுங்கள், முற்றத்துக்குள் விடாதீர்கள்.

ஆஸ்பெஸ்டாஸை உடைக்க விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் அம்மா வீட்டில் வேண்டாம். அப்புறம் மாடித் தளத்திலிருந்து 2 அடி உயரத்தில், நாலு இரும்புக் கால் மேல் கூரை. முற்றத்தின் திறப்பைவிட எல்லாப் பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டு, பக்கங்களில் சாய்ந்த பட்டிகள். சூடான காற்று மேலே ஏறி அந்த இடைவெளியில் வெளியே போகும், சாரலும் அவ்வளவாக அடிக்காது. பாலிகார்பனேட்டை மட்டும் முழுக்கப் போடாதீர்கள், சித்திரை வெயிலில் கீழே நிற்க முடியாது. வடக்குப் பக்கம் கண்ணாடி, மற்றது ஓடு. கண்ணாடி உடைந்தாலும் கொட்டாத லேமினேட் வகையாக இருக்கட்டும்.

குழாய் 110 மில்லிமீட்டர், 60-க்கு 1 சரிவு வைத்தால் 30 அடிக்கு அரை அடி இறங்கும். டியூப் லெவல் (மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய்) பிடித்து, முற்றத்து அடியும் டேங்கின் நுழைவாயும் எவ்வளவு வித்தியாசம் என்று முதலில் அளந்துவிடுங்கள், அது சரியாக வராவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. புதிதாக வருகிற நடைக்கு அடியிலேயே அந்தக் குழாயைக் கொண்டுபோகலாம், வளைவே இல்லாமல் நேராக. நாளைக்கு அடைத்துக்கொண்டால் படுக்கை அறையைத் தோண்ட வேண்டியிருக்காது. முற்றத்தில் ஒரு மூடி, கொல்லையில் ஒரு சேம்பர் (அடைப்பெடுக்கிற தொட்டி), வீட்டுக்குள் வேறு எங்கும் வேண்டாம்.

மன்னார்குடி மருமகள்:
சுவர் வேலை முடிந்ததும் பழைய சுவருக்கு சிமெண்ட் பூசச் சொல்வார்கள், விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியே வர வழியில்லாமல் ஒரு மழைக்காலத்திலேயே உப்புப் பூத்து உதிரும். எங்கள் கூடத்தில் அப்படித்தான் ஒரு பக்கம் முழுக்கச் சுரண்டி, மறுபடி சுண்ணாம்பு பூசினோம். பூசுகிற ஆள் உங்கள் ஊர்ப் பக்கமே கிடைப்பார், கோயில் வேலைக்குப் போகிறவர்களிடம் கேளுங்கள்.

குடந்தைவாசி:
டியூப் லெவல் ஞாயிற்றுக்கிழமை பிடிக்கிறோம். அம்மாவிடம் வாசலை நகர்த்துவதைச் சொன்னேன், நேர்வாசல் போகிறதே என்று முதலில் முகம் சுளித்தார், படி இல்லாத கழிப்பறை கூடத்துக்குப் பக்கத்தில் வரும் என்றதும் "எந்தப் பக்கம் நகர்த்துவீர்கள்" என்று கேட்கிறார். இடதுபக்கச் சுவரில்தான் அந்தக் கறுத்த உத்திர நுனி, அதனால் வலதுபக்கம் என்று நினைத்திருக்கிறேன்.

சுண்ணாம்புக்காரை:
வலதே சரி. ஆனால் உடைக்கும்போது இடது நுனிக்கும் ஒரு முட்டுக் கொடுத்து வையுங்கள்.