ரூக்வுட் சாடியின் அடியில் எக்ஸ் வெட்டு: விலையை எப்படிக் கணிப்பது?

ஒஹாயோவில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் வாங்கிய சின்சினாட்டி ரூக்வுட் மட்பாண்டத் தொழிற்சாலையின் பூச்சாடி இது. காப்பீட்டுக்கு மதிப்பு எழுத வேண்டும், தொகையில்தான் சிக்கி நிற்கிறேன்.

அடியில் இருப்பவை: ஆர்.பி. முத்திரை, சுற்றி 14 தீச்சுடர்கள், கீழே ரோமன் எண்ணில் 16. அதாவது 1916. வடிவ எண் 1369, அளவு எழுத்து ஈ, வெலம் (Vellum) என்ற மங்கலான மெருகைக் குறிக்கும் வி, ஓவியர் எட் டியர்ஸின் ஈ.டி. கீறல். ஏரிக்கரை மரங்கள், மங்கலான நீலம். மெருகு முழுக்க மயிரிழை வெடிப்பு. வெலம் மெருகில் அது சகஜம், பெரிதாகக் கவலையில்லை.

கவலை எக்ஸ் வெட்டுதான். மெருகைத் தாண்டி மண் வரை சக்கரத்தால் அறுத்திருக்கிறார்கள். தொழிற்சாலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியதற்கான அடையாளம் அது. ஆனால் காரணம் கண்ணில் படவில்லை. கழுத்துக்குக் கீழே கடுகளவு மெருகுக் குழி ஒன்றுதான் இருக்கிறது.

புற ஊதா விளக்கில் பார்த்தேன், ஒட்டுவேலை எங்கும் வேறு நிறமாக ஒளிரவில்லை. விளிம்பை அசிட்டோன் பஞ்சால் துடைத்தேன், சாயம் வரவில்லை. தட்டினால் ஓசை சுத்தமாக இருக்கிறது, விரிசல் இல்லை. கேட்கும் விலைகளை ஒதுக்கிவிட்டு, ஏலத்தில் உண்மையில் விற்ற விலைகளை மட்டும் சேர்த்தேன். அதே வடிவம், அதே ஓவியர் கிடைத்தாலும் எல்லாமே எக்ஸ் இல்லாதவை.

குறை படத்தின் மேல் விழாத, எக்ஸ் வெட்டிய வெலம் இயற்கைக்காட்சிச் சாடிக்கு, வெட்டில்லாததன் ஏல விலையில் எத்தனை சதவீதம் கழிப்பீர்கள்?