புதிய கடல்மீனைப் பெரிய தொட்டியில் விடுமுன் தனியாக வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியில் நீங்கள் கண்டது என்ன? அனுபவங்களைப் பகிருங்கள்

உப்புக்காற்று, பாசிர் ரிஸ்

செராங்கூன் நார்த்தில் வாங்கிய எம்பரர் ஏஞ்சல் மீன். கடையிலேயே மைசிஸ் இறாலைப் பாய்ந்து பாய்ந்து தின்றது. தோலில் ஒரு புள்ளி இல்லை, மூச்சு சீர். தனிமைத் தொட்டியில் விடுவதற்கு முன் நன்னீர்க் குளியல் கொடுத்தேன். குளோரமின் என்ற கிருமிநாசினியை நீக்கிய குழாய்நீர், அதே வெப்பம், சமையல் சோடாவால் சரிசெய்த பி.எச்., காற்றுக்கல். எல்லாம் நீங்கள் அறிந்ததுதான்.

முதல் நிமிடத்தில் மீன் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. எடுத்துவிடச் சொல்லி மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் அதன் கண்ணின் மேல், அதுவரை இல்லாத ஒரு வெள்ளைத் தகடு தெரிந்தது. பிறகு நெற்றியில் ஒன்று, துடுப்பின் அடியில் ஒன்று. ஒவ்வொன்றாகக் கழன்று, கறுப்பு வாளியின் அடியில் வெள்ளை எள்ளைத் தூவியதுபோல் கிடந்தன. தட்டைப்புழுக்கள்! மீனின் மேல் இருக்கும்போது அவற்றுக்கு நிறமே கிடையாது, நன்னீர் பட்டால்தான் வெளுக்கும். கடையில் அத்தனை உற்சாகமாகத் தின்றபோதும் அந்தத் தகட்டின் வழியாகத்தான் அது இறாலைப் பார்த்திருக்கிறது. அந்த எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

நீலவால், ஈசூன்

குளியலில் உதிர்ந்தது புழு, அண்ணா. வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் உட்கார்ந்திருப்பது. அதைக் குளியல் தொடவே தொடாது. பொன்தூசிபோல் மேலே படியும் வெல்வெட் ஒட்டுண்ணிக்கோ சில மணி நேர ஆறுதல்தான்.

எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர் நான்கு அடித் தொட்டி வைத்திருந்தார். பவுடர் புளூ டாங் மீனை வாங்கிய அன்றே உள்ளே விட்டார். என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது அது அலைப்பம்பின் வாயருகே முகத்தைக் கொடுத்து, ஓரிடத்திலேயே நீந்திக்கொண்டிருந்தது. நீரோட்டம் அதற்குப் பிடித்துவிட்டது என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். நான் கைத்தொலைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தேன். உடல் முழுவதும் மெல்லிய பொன்னிறத் தூசி. செவுள் அடைபட்டு மூச்சுக்குத் திணறும் மீன்தான் அப்படி நிற்கும். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் எழவே இல்லை. வாரம் முடிவதற்குள் அந்தத் தொட்டியில் பவளங்கள் மட்டுமே மிஞ்சின.

ஆகவே என் கருத்து இதுதான். எந்த மீனாக இருந்தாலும் தனிமைத் தொட்டியில் காப்பர், அதாவது செம்பு மருந்து, முழுதாக ஒரு மாதம். பார்த்துக்கொண்டு காத்திருப்பது வெல்வெட்டுக்கு நாமே அவகாசம் கொடுப்பதாகும். வெள்ளைப்புள்ளி பெரிய தொட்டிக்குள் போய்விட்டாலும் துன்பம்தான். மீனிலிருந்து உதிரும் அதன் கூடுகள் பொரிய 72 நாள்வரை எடுத்துக்கொண்டதாகப் பதிவு இருக்கிறது. அதனால்தான் தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விடச் சொல்கிறார்கள்.

செவ்வந்தி, ஜூரோங் வெஸ்ட்

எந்த மீனாக இருந்தாலும் என்கிறீர்களே, நீலவால், காப்பர்பேண்ட் மீனைக் காப்பரில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நம் சிங்கப்பூர்த் தென்தீவுகளின் கடலிலேயே வாழும் மீன் அது. ஆனாலும் வெறுந்தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் குழாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, எதைப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. காப்பர் பசியை மந்தமாக்கும். நோயில்லாத மீன், மருந்தில் பட்டினியால் வற்றிக்கொண்டே போனது. முதுகு கத்திபோல் ஆனது என்று எழுதவும் மனம் வரவில்லை.

காப்பர் இல்லாத வேறு தொட்டிக்கு மாற்றினேன். ஈரச் சந்தையில் மட்டி வாங்கி, ஓட்டைப் பிளந்து அடியில் வைத்துவிட்டு அறை விளக்கை அணைத்தேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெதுவாக வந்தது, சுற்றியது, அந்த நீண்ட மூக்கை ஓட்டுக்குள் விட்டு ஒரு இழுப்பு இழுத்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளைப்புள்ளிதான் பயம் என்றால் தொட்டி மாற்றும் முறை இருக்கிறது. 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, கழுவிக் காயவைத்த தொட்டிக்கு மீனை மாற்றிக்கொண்டே போனால், உதிர்ந்த கூடு பொரியும்போது மீன் அங்கே இருக்காது. ஒரு சொட்டு மருந்து வேண்டாம்.

பழைய சில்லர், தோ பாயோ

என் தனிமைத் தொட்டியில் ஒரு ராஸ் மீன், மூடியில் விரல் நுழையும் இடைவெளி வழியாகக் குதித்துவிட்டது. காலையில் சோபாவுக்கு அடியில் கிடந்தது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் மேலே எழுதியவர்கள் யாரும் மீன் கழிவிலிருந்து சேரும் அமோனியாவைப் பற்றிப் பேசவில்லை, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தனிமைத் தொட்டியில் மீனைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். நம் குழாய்நீரில் இருப்பது குளோரமின். ஒரு இரவு வாளியில் வைத்தால் போகாது. நீக்கி ஊற்றினால் அது உடைந்து அமோனியா மிஞ்சும். உப்புநீரின் பி.எச். 8-க்கு மேல், நம் வீட்டு வெப்பமோ 30 டிகிரி. இரண்டும் சேர்ந்தால் அதே அளவு அமோனியாவின் நஞ்சு இன்னும் கூடும். காப்பர் ஓடும் தொட்டியில் அமோனியா கட்டும் மருந்தை ஊற்றாதீர்கள். பல மருந்துகள் காப்பரையே அதிக நஞ்சுள்ள வடிவத்துக்கு மாற்றிவிடும். ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய நீரில் கடலுப்புக் கலந்து, அதிலும் அதே அளவு காப்பரைச் சேர்த்துத் தண்ணீர் மாற்றுவதே வழி. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியேற, ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சில வாரம் முன்பே பெரிய தொட்டியின் சம்ப்பில் (கீழே உள்ள வடிகட்டும் தொட்டியில்) போட்டு வையுங்கள். காப்பர் ஏற்றிய பிறகு அந்த ஸ்பாஞ்ச் பெரிய தொட்டிக்குத் திரும்பவே கூடாது. கல், மணல் இரண்டும் காப்பரை உறிஞ்சும், ஆகவே வேண்டாம். செலேட்டட் காப்பர் (வேறு சேர்மத்தோடு பிணைத்த காப்பர்) 2 முதல் 2.5 பிபிஎம், அதையும் சில நாள்களில் படிப்படியாக ஏற்றுங்கள். பிணைக்காத அயனிக் காப்பருக்கான பரிசோதனைப் பெட்டி செலேட்டட் காப்பரைச் சரியாகக் காட்டாது. வலையும் வாளியும் தனியாக இருக்கட்டும். காற்றுக்குமிழித் துளிகளே கிருமியைக் கடத்தும், இரண்டு தொட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். மூடிக்கு வலை போடுங்கள், தயவுசெய்து.

அலைநுரை, புக்கிட் பாத்தோக்

நீலவால் அவர்களுக்கு ஒன்று. என் பச்சை குரோமிஸ் மீன்கள் காப்பரில்தான் இருந்தன, அளவும் சரி. ஒன்றின் விலாவில் செதில்களுக்கு நடுவே ரத்தச் சிவப்பாக ஒரு புண் வந்தது. மாலைக்குள் அடுத்ததற்கும் வந்தது. யூரோனிமா என்ற ஒட்டுண்ணி. அது மீனில்லாமலும் நீரில் பாக்டீரியாவைத் தின்று வாழும். காப்பர் அதைக் குணப்படுத்தாது. காப்பர் இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

உப்புக்காற்று

நீலவால் தம்பி, குளியலை மருந்து என்று நான் சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டியது அதுதான். பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்து போட்டாகிவிட்டது. முட்டைகளை அது தொடாது, பொரிந்து வருபவற்றுக்காக இரண்டாவது தடவையும் போட வேண்டும். செவ்வந்தி, அந்த மட்டியை அப்படியே போட்டீர்களா?

செவ்வந்தி

இல்லை அண்ணா. கழுவி, இரவு முழுவதும் உறைய வைத்து, காலையில் பனி விட்ட பிறகு வைத்தேன். பச்சையாகப் போட்டால் வேறு ஒட்டுண்ணி வந்துவிடுமோ என்று பயம். ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இந்த வெயிலில் சீக்கிரம் அழுகி, பழைய சில்லர் சொன்ன அமோனியாவில் கொண்டுபோய் விடும்.