மினிவேனில் கார் சீட்டுகளை எங்கே மாட்டுவது?

டாலஸில் இருக்கிறோம். 7 பேர் உட்காரும் மினிவேன். நடு வரிசையில் தனித்தனியாக 2 இருக்கை, கடைசியில் 3 பேர் பெஞ்சு. பாப்பாவுக்கு 8 மாதம், பின்பக்கம் பார்த்த சீட். பெரியவனுக்கு 4 வயது, முன்பக்கம் பார்த்த சீட். அடுத்த மாதம் ஊரிலிருந்து அம்மா வருகிறார். முழங்கால் வலி, கடைசி வரிசைக்கு ஏறவே முடியாது.

அதனால் நடுவில் அம்மாவும் பாப்பாவும், பின்னால் பெரியவன் என்று யோசனை. ஆனால் அவன் சீட்டின் மேல்பட்டையை மாட்டும் கொக்கி கடைசி பெஞ்சில் எல்லா இடத்திலும் இல்லை. அந்தப் பட்டை இல்லாவிட்டால் பிரேக் போடும்போது தலை ரொம்ப முன்னால் போகும், அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. தினமும் குனிந்து உள்ளே போய்ப் பெல்ட் மாட்டுவதும் சிரமம்தான்.

இப்படி 4 வயதுக் குழந்தையைக் கடைசி வரிசையில் வைத்திருப்பவர்கள் எந்தப் பக்கம் மாட்டினீர்கள்? பாப்பா சீட்டை நடைபாதைப் பக்கம், அதாவது வலது பக்கம் வைத்தால் ஏற்றி இறக்கப் பத்திரம் என்று நினைக்கிறேன், சரியா? படம் இருந்தால் போடுங்கள், ப்ளீஸ்.