சிசேரியன் ஆகி 9ஆம் நாள்: பால் பத்தலையா? தண்ணி குடிச்சா தையல் சீழ் பிடிக்குமா?

தலைச்சன்_அம்மா:
தலைப்பிரசவம், சிசேரியன், பெண் குழந்தை. பிறந்தப்போ 2.900 கிலோ, 4ஆம் நாள் டிஸ்சார்ஜ் அன்னைக்கு 2.680. இன்னைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல போட்டா 2.790. பிறந்த எடைக்கே இன்னும் வரலையே, பவுடர் பால் குடுன்னு வீட்டுல சொல்றாங்க. சாயங்காலம் ஆனா குடிச்சு முடிச்ச அஞ்சாவது நிமிஷம் மறுபடி அழுகிறா. ரெண்டு காம்பும் வெடிச்சிருக்கு, வாய் வச்சாலே உயிர் போகுது. தையல் சீழ் பிடிக்கும்னு நாளைக்கு ரெண்டு டம்ளர் வெந்நீர்தான் தர்றாங்க. சாப்பாடு பூண்டுக் குழம்பு, பருப்புத் துவையல். வெளிக்குப் போய் 3 நாள் ஆச்சு. பாப்பாவுக்குக் கண்ணு லேசா மஞ்சளா இருக்கு, காலையில வெயில்ல காட்டுறோம். அவ மார்பு வேற வீங்கியிருக்கு, பாட்டி பிழிஞ்சு விடணும்ங்கிறாங்க. எதைக் கேக்கிறது, எதை விடுறது?

பால்_ஆலோசகர்:
எடைக்கணக்கை முதல்ல பார்ப்போம். 4 நாளில் குறைஞ்சது 220 கிராம், ஏழரை சதவீதம். 7-ஐத் தாண்டினா பால் குடிக்கிறதைக் கவனிக்கணும், 10-ஐ எட்டினா மருத்துவர் பார்த்தே ஆகணும். அதுக்கப்புறம் 5 நாளில் 110 கிராம் ஏறியிருக்கு, நாளுக்கு 22. எதிர்பார்க்கிறது 20 முதல் 30. இதே வேகத்துல போனா 14ஆம் நாள் பிறந்த எடையைத் தொட்டுடுவா. பிந்தியதுன்னு சொல்ல இதுல ஒண்ணுமில்லை.

ஆனா ஒரு சந்தேகம்: ரெண்டு இடத்துல ரெண்டு தராசு. சட்டையோட போட்டாங்களா, வெறும் உடம்பா? அதுலயே 50 கிராம் கூடக் குறையப் போகும். அதனால எடையை மட்டும் நம்பாதீங்க, மூத்திரத்தை எண்ணுங்க. 24 மணி நேரத்துல 6 தடவையாவது நல்லா நனையணும், நிறம் வெளிறி இருக்கணும். டயப்பர்ல கணக்குத் தெரியாது. ரெண்டு நாள் பழைய வேட்டித் துணி கட்டிப் பாருங்க. மலம் மஞ்சளா, தளர்வா, 3 தடவைக்கு மேல போனா பால் உள்ளே போகுதுன்னு அர்த்தம். அழுகையை அளவுகோலா எடுத்தா பவுடர் டப்பாவுலதான் போய் முடியும். சாயங்காலம் அடிக்கடி கேக்கிறது இந்த வயசுல வழக்கம். அந்த நேரத்துல புட்டிப்பால் போச்சுன்னா மார்பு காலியாகாது, காலியாகாத மார்பு அடுத்த நாள் குறைவாச் சுரக்கும். அப்புறம் நிஜமாவே பத்தாது.

காம்பு வெடிக்கக் காரணம் காம்பை மட்டும் கவ்வுறது. வாயிலிருந்து எடுத்ததும் காம்பு ஒரு பக்கம் சப்பையா, சீவின மாதிரி இருக்கும், பாருங்க. தையல் இருக்கிறதால கக்கத்துல இடுக்கிப் பிடிக்கிறதுதான் வசதி: பக்கத்துல தலையணை, அதுமேல குழந்தை, கால் உங்க முதுகுப் பக்கம், பிடரியும் தோளும் உங்க உள்ளங்கையில. தலையின் பின்பக்கத்தை அமுக்காதீங்க, அமுக்கினா திமிறுவா. காம்பு அவ மூக்குக்கு நேரா இருக்கட்டும். மேலுதட்டில் உரசி, கொட்டாவி விடுற அளவுக்கு வாய் திறந்ததும் முகவாய் முதலில் படும்படி சேர்த்து அணைங்க. கருவட்டத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வாய்க்குள்ளே போகணும், கீழுதடு வெளியே மடிஞ்சிருக்கணும். முதல் அரை நிமிஷம் வலிக்கலாம். அதுக்கு மேலும் வலிச்சா வாயோரத்துல சுண்டுவிரலை விட்டுப் பிடியைத் தளர்த்தி மறுபடி வையுங்க. அப்படியே இழுத்தா வெடிப்பு கூடும். குடிச்சு முடிச்சதும் ரெண்டு சொட்டுப் பாலைக் காம்பில் தடவிக் காற்றாட விடுங்க. சோப்பு கூடாது. 24 மணி நேரத்துக்கு 8 முதல் 12 தடவை, ராத்திரியும் சேர்த்து.

பிரசவ_வார்டு_சிஸ்டர்:
அம்மா, தண்ணியால் தையல் சீழ் பிடிக்காது. சீழ் பிடிப்பது கிருமியால். சர்க்கரை, ரத்தசோகை, அடிவயிற்று மடிப்பில் ஈரம் தங்குவது இதெல்லாம் அதற்கு வழி விடும். பால் கொடுக்கும் உடம்புக்கு நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் வேண்டும். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் ஒரு சொம்பு பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் மலச்சிக்கலுக்குப் பாதிக் காரணம் இந்த ரெண்டு டம்ளர்தான். மீதி, காயும் கீரையும் இல்லாத பத்தியமும் இரும்புச்சத்து மாத்திரையும். பூண்டு, கருவாடு சாப்பிடலாம். கூடவே முருங்கைக்கீரை, அவரை, வாழைப்பழம், கொய்யா. நீங்கள் பழம் சாப்பிட்டுக் குழந்தைக்குச் சளி பிடிக்காது. இரும்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிரசவத்துக்குப் பின் 180 நாள் உண்டு. கால்சியத்தோடு சேர்த்துப் போட வேண்டாம், டீ, காபிக்கு ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கட்டுப் பிரித்த பிறகு சோப்புத் தண்ணீர் தையல் மேல் வழியலாம். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். எழும்போது ஒருக்களித்துக் கையூன்றி எழுங்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளுங்கள். 6 வாரத்துக்குக் குழந்தையை விடக் கனமானதைத் தூக்காதீர்கள். தண்ணீர்க்குடமும் அதில் சேர்த்திதான்.

உடனே போக வேண்டியது எப்போது: ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தால், எலுமிச்சை அளவுக்கு மேல் கட்டி விழுந்தால், நாற்றமடித்தால், 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால். தீராத தலைவலியோடு கண் மங்கினால் காலை வரை காத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். கர்ப்பத்தில் பிரஷர் இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரை அது ஏறலாம்.

குழந்தைநலம்_படித்தவர்:
மஞ்சளுக்கு வெயில் மருந்து இல்லை. மருத்துவமனையில் வைக்கும் நீல ஒளி வேறு, முற்றத்து வெயில் வேறு. துணியில்லாமல் காட்டினால் உடம்பு குளிர்ந்துபோகும், இல்லை தோல் சுடும். பகல் வெளிச்சத்தில் நெற்றி, மார்பு, தொடை, பாதம் என்று அழுத்திப் பாருங்கள். மஞ்சள் தலையிலிருந்து கீழே இறங்கும். உள்ளங்காலுக்கு வந்துவிட்டால், அல்லது பால் குடிக்க எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், அன்றே ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சளை உண்டாக்கும் நிறமி) அளவைப் பார்க்க வேண்டும். கண்ணளவில் இருந்தாலும் இந்த வாரம் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அதில் நாள் கடத்தினால் ஈரல் கெடும்.

குழந்தையின் மார்பைப் பிழியவே கூடாது. உங்கள் ஹார்மோன் அவள் உடம்பில் மிச்சமிருப்பதால் வந்த வீக்கம், சில வாரத்தில் தானே வற்றும். பிழிந்தால் சீழ்க்கட்டி. முதல் வாரத்தில் பெண் குழந்தைக்குச் சொட்டு ரத்தம் படுவதும் இதே காரணம்தான். தொப்புளில் எண்ணெய், சாம்பல் வேண்டாம், காய்ந்து விழட்டும். தேன், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து, கழுதைப்பால் எதுவும் நாக்கில் வைக்க வேண்டாம். பாட்டியின் ஆசைக்குத் தாலாட்டும் மடியும் இருக்கின்றன!

தலைச்சன்_அம்மா:
ரொம்ப நன்றி. துணி கட்டி எண்ண ஆரம்பிச்சாச்சு. வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதியிருக்காங்க, தினமும் 1 மி.லி. தானே?

குழந்தைநலம்_படித்தவர்:
பாட்டிலைப் பார்த்துச் சொல்லுங்கள். தினம் தேவை 400 யூனிட். 1 மி.லி.யில் 400 என்று இருந்தால் 1 மி.லி., 800 என்று இருந்தால் அரை மி.லி. கடையில் இரண்டும் கிடைக்கும், கம்பெனி மாற்றிக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். அந்தப் பாட்டிலோடு வந்த பில்லரையே (சொட்டு விடும் குழாய்) பயன்படுத்துங்கள். கன்னத்தின் உள்பக்கம் மெதுவாக விடுங்கள், தொண்டைக்கு நேராக வேண்டாம்.