வீட்டிலேயே கார் இன்ஜினைச் சுத்தம் செய்ய ஆலோசனை தேவை

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய 2012 மாடல் பெட்ரோல் கார் இப்போது என் கையில். பானெட்டைத் திறந்தால் எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண் தூசியும் அப்பிக் கிடக்கின்றன. பேட்டரிக்குப் பக்கத்தில் எலி கொண்டுவந்து போட்ட குப்பை வேறு. வால்வு கவர் (இன்ஜினின் மேல் மூடி) ஓரமாக ஆயில் கசிகிற மாதிரி இருக்கிறது. இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கவாவது முதலில் சுத்தம் செய்தாக வேண்டும்.

வாட்டர் சர்வீஸ் கடையில் மண்ணெண்ணெய் அடித்து, பிரஷர் பம்பில் கழுவித் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும், ரப்பர் குழாய்களையும் உப்ப வைக்கும். தண்ணீர் வேகமாக அடித்தால் ஒயர் கனெக்டருக்குள் புகுந்துவிடும்.

அதனால் இப்படி யோசித்திருக்கிறேன். இன்ஜின் நன்றாக ஆறிய பின் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் வாய், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் எல்லாவற்றையும் பாலித்தீன் கவரால் மூடிக் கட்டுவது. அப்புறம் தண்ணீரில் கரையும் டிகிரீசரை (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம்) பிரஷில் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுப்பது. ஹோஸ் பைப் வேண்டாம்.

இதில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? காரம் அதிகமான டிகிரீசர் அலுமினியத்தை அரிக்கும் என்பதால், நீங்கள் பயன்படுத்திப் பார்த்தவற்றில் பாதுகாப்பானது எது என்று சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக் குழியில் ஈரம் இறங்கிவிட்டால் காற்றடித்து எடுத்தால் போதுமா, காயிலைக் கழற்றத்தான் வேண்டுமா?

இன்னொன்று, எங்கள் வாசல் தண்ணீர் நேராகத் தென்னைக்குப் போகிறது. பிசுக்குத் தண்ணீரையும் துணிகளையும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?