மோர்ஸ்: 5 சொல் வேகத்திலேயே நிற்கிறேன், வழி சொல்லுங்கள்

குடியாத்தம் மாணவன்:
வணக்கம். டிப்ளமா கடைசி வருடம் படிக்கிறேன். ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்வதற்கான பொதுத் தர உரிமத் தேர்வுக்குத் தயாராகிறேன். எழுத்துத் தேர்வில் பயமில்லை, எழுத்துகளைப் புள்ளி, கோடு ஒலிகளாக அனுப்பும் மோர்ஸில்தான் சிக்கல். நிமிடத்துக்கு 8 சொல் கேட்டு எழுதவும் வேண்டும், அனுப்பவும் வேண்டும். மூன்று மாதமாக 5-ஐத் தாண்டவில்லை. புள்ளியும் கோடுமாக அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டி, முழுவதும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் காதில் விழுந்ததை எண்ணி, எந்த எழுத்து என்று யோசித்து எழுதுவதற்குள் அடுத்த இரண்டு எழுத்து போய்விடுகிறது. எச் வந்தால் எஸ் என்று எழுதுகிறேன். எல்லும் எஃப்பும் எப்போதும் மாறிப்போகும். என் காதுக்கு இது வராதோ என்று கவலையாக இருக்கிறது.

சத்துவாச்சாரி தந்திக்காரர்:
தம்பி, உன் காதில் ஒரு குறையும் இல்லை. அந்த அட்டவணையை இன்றைக்கே சுவரிலிருந்து எடுத்துவிடு. கண்ணால் படித்ததைக் காதால் தேடுகிறாய், அதனால்தான் நேரம் போதவில்லை.

நான் 1979-ல் தந்தி அலுவலகத்தில் சேர்ந்தவன். உனக்காவது 'பீப்' என்று ஒலி கேட்கிறது. எங்களுக்கு சவுண்டர் என்ற தந்திக் கருவியின் தட்டல் மட்டும்தான். கீழே அடிக்கும்போது ஒரு சத்தம், மேலே எழும்போது ஒரு சத்தம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பதை வைத்து எழுத்தைப் பிடிப்போம். எங்களில் யாரும் எண்ணிப் பார்த்தது கிடையாது. 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று கை எழுதி முடித்த பிறகுதான் மனதுக்கு உறைக்கும். எத்தனையோ பேர் வீட்டுச் செய்தி இந்தக் கை வழியாகப் போயிருக்கிறது. 2013 ஜூலை 14 அன்று தந்தி சேவைக்குக் கடைசி நாள். அன்று ராத்திரி வீட்டில் ரேடியோவைப் போட்டேன். 7 மெகாஹெர்ட்ஸில் யாரோ மோர்ஸ் கீயைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

சரி, முறைக்கு வருகிறேன். பள்ளியில் மாத்திரை படித்திருப்பாய். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, அளபெடைக்கு 3. மோர்ஸில் புள்ளியின் ஒலி டிட், 1 மாத்திரை; கோட்டின் ஒலி டா, 3 மாத்திரை. அதாவது டா என்பது நெடில் இல்லை, அளபெடை. அவ்வளவு நீட்ட வேண்டும். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைவெளி 3, சொல்லுக்கும் சொல்லுக்கும் 7. இதை வாயால் சொல்லிப் பழகு. எல் என்றால் 'டிடாடிடிட்', எஃப் என்றால் 'டிடிடாடிட்'. பத்து தடவை உரக்கச் சொல். தாளில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வாயில் வரும்போது இரண்டும் வேறு வேறு ஜதி.

இன்னொன்று முக்கியம். 5 சொல் வேகத்துக்காக எழுத்தையே மெதுவாக்காதே. மெதுவாக வந்தால் மனம் எண்ண ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு எழுத்தும் 18 சொல் வேகத்தில் ஒலிக்கட்டும், நடுவில் இடைவெளியை மட்டும் நீட்டி வை. முதலில் கே, எம் இரண்டு மட்டும் கேள். பத்துக்கு ஒன்பது சரியாக வந்தால் அடுத்த எழுத்தைச் சேர். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, கால் மணி நேரம் போதும்.

ராணிப்பேட்டைக்காரி:
நானும் ஐயாவிடம் கற்றவள்தான், அப்போது எனக்கு வயது 41. எனக்கு உதவியது வேறொன்று. ஒரு எழுத்து விட்டுப்போனால் அதை விட்டுவிடுங்கள், கோடு போட்டுவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். விட்டதை நினைத்துக்கொண்டிருந்தால் வருவதும் போய்விடும்.

ரேடியோவில் கேட்பதாக இருந்தால் வீட்டு எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பாதி இரைச்சல் அதிலிருந்துதான் வந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தென்னைமரம் வரை 20 மீட்டர் செம்புக்கம்பி, அதுதான் என் ஆன்டெனா. உரிமம் வந்து 5 வாட்டில் முதல் முறை அழைத்தபோது கை நடுங்கியது. பதில் வேகமாக வந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. கியூஆர்எஸ் என்று அனுப்பினேன், மெதுவாக அனுப்புங்கள் என்று அர்த்தம். அவர் உடனே வேகத்தைப் பாதியாகக் குறைத்து, என் அழைப்புக்குறியை மூன்று தடவை அனுப்பினார். முகம் தெரியாத மனிதர் எனக்காகக் காத்திருந்தார். இன்றும் யாராவது கியூஆர்எஸ் கேட்டால் எனக்கு அவர் ஞாபகம்தான்.

குடியாத்தம் மாணவன்:
ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. அட்டவணையைக் கிழித்துவிட்டேன். பத்து நாளில் ஒன்பது எழுத்து ஆகிவிட்டது. நேற்று ராத்திரி 7 மெகாஹெர்ட்ஸில் 'டாடிடாடிட் டாடாடிடா' என்று வந்தது. எண்ணவில்லை ஐயா, சிக்யூ, அதாவது யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு என்று தானாகவே தெரிந்தது! அப்புறம் வந்தது எதுவும் புரியவில்லை. அனுப்பிப் பழக, டிட்டுக்கும் டாவுக்கும் தனித்தனிப் பக்கம் உள்ள பேடில் வாங்கட்டுமா, கையால் அழுத்தித் தட்டும் சாதா கீ போதுமா?

சத்துவாச்சாரி தந்திக்காரர்:
முதலில் சாதா கீ. பேடிலில் டிட்டையும் டாவையும் கருவியே அளந்து கொடுத்துவிடும், உன் மணிக்கட்டுக்கு மாத்திரை பிடிபடாது. முழங்கை மேசையில் இருக்கட்டும், மணிக்கட்டு மட்டும் அசையட்டும். இப்போதே காசு கொடுத்து வாங்காதே. என்னிடம் இரண்டு இருக்கின்றன. திண்ணையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, நடுவில் வெறும் கம்பிதான், அதனால் உரிமம் தேவையில்லை. சனிக்கிழமை ரயிலில் காட்பாடி வந்து இறங்கு, முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பென்சில் இரண்டு சீவிக் கொண்டு வா. மதியச் சாப்பாடு இங்கேதான் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.