மறுமொழி: ‘முன்முதிர் மேசை உருளைக்கிழங்கு’ – ஒரு மாற்றுச் சொல்

வணக்கம் நண்பர்களே.

சீக்கிரம் விளையும், சமைத்து உண்ணும் உருளைக்கிழங்கை (ஆங்கிலத்தில் early table potato) ‘முன்முதிர் மேசை உருளைக்கிழங்கு’ எனலாம் என்று நேற்று வந்த பரிந்துரையை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மளிகைக்கடை அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். “எந்த மேசை தம்பி?” என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. சமைத்து உண்ணும் கிழங்கைச் சிப்ஸ் ரகங்களிலிருந்து பிரித்துச் சொல்லத்தான் ‘மேசை’ என்ற இந்த அடைமொழி. சிப்ஸ் கிழங்கில் உலர்பொருள் (நீர் போக மீதி) 20 விழுக்காடாவது வேண்டும். சர்க்கரை கூடினால் எண்ணெயில் கறுத்துவிடும். குழம்புக்குப் போகும் கிழங்குக்கு அந்தக் கட்டாயமில்லை. ஆகவே ‘கறிக்கிழங்கு’ போதும். கறி என்றால் இறைச்சி ஆயிற்றே என்று ஒருவர் எழுதியிருந்தார். கறிவேப்பிலையும் கறிவாழையும் அந்தக் குழப்பத்தைத் தாண்டித்தான் நிற்கின்றன.

எனக்கு இன்னும் உறுத்துவது ‘முன்முதிர்’. முற்றிய வெண்டை என்றால் நார் ஓடியது. முன்னதாகவே முதிர்ந்தது என்றால் பிஞ்சிலே பழுத்த நினைப்பு வருகிறது. நல்ல ரகத்துக்கு அது வசைபோல் ஆகிவிடும். கிழங்கு விளையும் என்பதுதான் நம் பேச்சு. பாட்டி லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் மரவள்ளி போட்டிருந்தார். தூரில் மண் வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, “விளைஞ்சிருச்சு” என்பார். முதிர்ந்தது என்று அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

சிம்லா உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1968இல் வெளியிட்ட குஃப்ரி சந்திரமுகி ரகத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் தோல், நீள்வட்டம், குழியாத கண்கள். சீவும்போது கத்தி முனையால் தோண்ட வேண்டியதில்லை. 80 முதல் 90 நாளில் விளைந்துவிடும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தும் தோல் உரியாமல் நின்றால் தோண்டலாம். இப்படிச் சீக்கிரம் விளைவதற்குக் காவிரிக்கரை உழவரிடம் சொல் இருக்கிறது: குறுவை. ‘அறுபதாங்குறுவை’ என்றே ஒரு நெல் உண்டு. குறுவை என்பது நெல் பயிரிடும் பட்டத்தின் (பருவத்தின்) பெயராயிற்றே என்பீர்கள். சரி, ஆனால் அந்தப் பட்டத்துக்கும் பெயர் கொடுத்தது குறுகிய நாள்தானே.

அதனால் என் பரிந்துரை: ‘குறுவைக் கறிக்கிழங்கு’. அடைமொழி நீளம் என்றால் ரகப் பட்டியலில் ‘குறுவை’ மட்டும் போதும்.

எங்கள் பக்கத்து வெக்கையில் உருளைச் செடி கிழங்கு வைக்காது. கடையில் வாங்கித்தான் பழக்கம். கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், சீக்கிரம் விளைவதை அங்கே எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் சொல் பொருந்தினால் என்னுடையதை விட்டுவிடுகிறேன்.